ஒன்றையொன்று மறைத்த இரு கசிவுகள்: ஒரு காரின் காற்றிரைச்சல் குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

எங்கள் பணிமனைக்கு வந்த ஒரு காரில், நெடுஞ்சாலை வேகத்தில் மட்டும் எழுந்த காற்றிரைச்சலைத் தேடிக் கண்டுபிடித்துச் சரிசெய்த வரலாறு இது. கார் ஐந்து ஆண்டுகள் ஓடிய, நான்கு கதவுகள் கொண்ட செடான். உரிமையாளரான பெண்மணி வாரந்தோறும் தம் தந்தையை அருகில் அமர்த்திக்கொண்டு நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் போய்வருபவர். மணிக்கு 80 கிலோமீட்டர் வரை ஒன்றும் தெரிவதில்லை, 90ஐத் தாண்டியதும் முன்பக்கத்தில் எங்கிருந்தோ ஒரு சீறல் கிளம்புகிறது, 100ஐ நெருங்கும்போது அது பேச்சையே விழுங்கிவிடுகிறது என்பது அவருடைய முறையீடு.

தந்தை அதை வேறுவிதமாகச் சொன்னார். யாரோ தம் காதருகே வாயைக் குவித்து ஊதிக்கொண்டே வருவது போல இருக்கிறது என்றார். அவர் செவித்துணைக் கருவி அணிபவர். பயணம் தொடங்கிய அரை மணி நேரத்தில் கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார் என்றும், அதன்பின் ஊர் போய்ச் சேரும்வரை இருவரும் பேசிக்கொள்வதில்லை என்றும் மகள் கூறினார். இதில் மிகைப்படுத்தல் எதுவும் இல்லை. பேச்சில் ஒரு மெய்யொலியை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் ஒலிக்கூறுகளில் பெரும்பகுதி 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. காற்றுக் கசிவின் சீறலும் அங்கேதான் வலுவாக இருக்கிறது. முதுமையில் குறையும் கேட்புத்திறனை ஈடுசெய்யும் செவிக்கருவியோ அந்த உயர் அதிர்வெண்களையே கூடுதலாகப் பெருக்குகிறது. மகளுக்கு எரிச்சலாக இருந்த ஒலி தந்தைக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

எங்களிடம் வருவதற்கு முன் இரண்டு இடங்களில் வேலை நடந்திருந்தது. ஓரிடத்தில் இது டயரின் ஓசை என்று சொல்லி நான்கு டயர்களையும் மாற்றியிருந்தார்கள். அடுத்த இடத்தில் முன்கதவுகள் இரண்டின் ரப்பர் பீடிங்கையும், அதாவது மூடிய கதவின் விளிம்பை அடைக்கும் ரப்பர் பட்டையையும், புதிதாக மாற்றியிருந்தார்கள். இரண்டிலும் பலன் இல்லை. எந்த இடத்திலும் தந்தையின் இருக்கையில் ஒருவரை அமர்த்தி ஓட்டிப் பார்க்கவில்லை என்பது பின்னர் எங்களுக்குத் தெரிய வந்தது. அவர்களைக் குறை கூற இதை எழுதவில்லை. முதல் முறை நாங்களும் தவறவே செய்தோம், அந்தத் தவற்றைப் பதிவு செய்வதே இந்த ஆய்வின் முதன்மையான நோக்கம்.

முதல் ஓட்டம்: இது காற்றுதானா?

காற்றிரைச்சல் என்று சொல்லி வரும் கார்கள் எல்லாவற்றிலும் காற்றே காரணமாக இருப்பதில்லை. டயரின் ஓசை, சக்கர பேரிங்கின் உறுமல், என்ஜினிலிருந்து வரும் அதிர்வு ஆகிய மூன்றும் வேகத்தோடு கூடுபவை என்பதால் பயணிக்கு ஒன்றுபோலவே தோன்றும். எனவே முதலில் அவற்றை விலக்கினோம். மணிக்கு 100 கிலோமீட்டரில் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து என்ஜினின் சுழற்சியைக் குறைத்தபோது சீறல் மாறவில்லை; ஆகவே என்ஜின் காரணமில்லை. சொரசொரப்பான தார்ப்பரப்பிலிருந்து வழுவழுப்பான பரப்புக்கு மாறியபோது கீழேயிருந்து வரும் இரைச்சல் தெளிவாகத் தணிந்தது, சீறல் தணியவில்லை. ஆகவே டயரும் இல்லை. பாதை வளைவுகளில் எடை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறும்போதும் ஒலி கூடவோ குறையவோ இல்லை என்பதால் பேரிங்கையும் விலக்கினோம். மாறாக, பக்கவாட்டில் காற்று வீசிய ஒரு பாலத்தின் மேல் சென்றபோது வேகமானியின் முள் அசையாமல் இருக்கையிலேயே சீறல் ஏறி இறங்கியது. அதன்பின் ஐயமில்லை.

எங்கிருந்து வருகிறது என்பதில்தான் சிக்கல் தொடங்கியது. உரிமையாளர் டேஷ்போர்டின் நடுப்பகுதியைக் காட்டினார். ஓட்டுநர் இருக்கையில் இருந்தபோது எனக்கும் அப்படியே தோன்றியது. கண்ணாடிகளால் சூழப்பட்ட சிறிய அறைக்குள் உயர் அதிர்வெண் ஒலி பல பரப்புகளில் பட்டுத் தெறித்து வருவதால், திசையைச் சொல்வதில் காது எளிதில் ஏமாறும். தந்தையின் இருக்கைக்கு மாறி அமர்ந்தபோதுதான் அவர் சொன்ன அந்த ஊதல் கதவின் மேற்பகுதியிலிருந்து, காதுக்கு ஒரு சாண் தொலைவில் கேட்டது. ஆய்வை அந்த முன்கதவின் சுற்றுப்புறத்துக்குள் சுருக்கிக்கொள்ள இந்த ஓர் இடமாற்றம் போதுமானதாக இருந்தது.

பணிமனையில் நிறுத்தி வைத்துச் செய்த சோதனைகள்

திரும்பியதும் கதவை நிறுத்திய நிலையில் சோதித்தோம். ஒரு தாள் துண்டைப் பீடிங்குக்கும் கதவுக்கும் இடையே வைத்து மூடி, இழுத்துப் பார்க்கும் பழைய முறையைக் கதவைச் சுற்றிலும் ஒரு கையகல இடைவெளியில் செய்தோம். எல்லா இடத்திலும் தாள் பிடிமானத்தோடு வந்தது. அடுத்து, பீடிங்கின் மேல் சாக்பீஸ் தூளைத் தடவிக் கதவை மூடித் திறந்து பார்த்தபோது, கதவின் உட்புறத்தில் வெள்ளைக் கோடு அறுபடாமல் விழுந்திருந்தது. மேல் பின்மூலையில் மட்டும் கோடு மற்ற இடங்களைவிட மெலிந்திருந்தது. உடன் இருந்த இளைய பணியாளர் அதைச் சுட்டிக்காட்டினார். கோடு அறுபடவில்லை, தாளும் பிடிக்கிறது, பீடிங்கும் புதியது என்று சொல்லி நான் அதைக் கடந்துவிட்டேன். அவர் கண்ணில் பட்டது சரியான தடயம்.

மூன்றாவதாக, கண்ணாடிகளை எல்லாம் ஏற்றி, வெளிக்காற்றை உள்ளிழுக்கும் நிலையில் ப்ளோயரை முழு வேகத்தில் ஓடவிட்டு, வெளிப்புற இணைப்புகளில் சோப்பு நீரைத் தெளித்தோம். உள்ளே அழுத்தம் சற்றே கூடுவதால் ஓட்டை உள்ள இடத்தில் நுரை குமிழிடும். சைடு மிரரின் அடிப்பாகம் கதவோடு சேரும் முக்கோணத்தில் குமிழ்கள் தொடர்ந்து எழுந்தன. மிரரைக் கழற்றியபோது அடியில் இருக்க வேண்டிய பஞ்சு ரப்பர் அட்டையில் பாதி இல்லை. மீதி மடங்கிக் கிடந்தது. அதாவது யாரோ முன்பே மிரரைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். அப்போதுதான் உரிமையாளரிடம் கேட்டோம். எட்டு மாதங்களுக்கு முன் வாகன நிறுத்தத்தில் ஒரு தூணில் உரசி, அந்தக் கதவுக்கு டிங்கரிங்கும் பெயின்டிங்கும் நடந்ததாகச் சொன்னார். சீறல் தொடங்கியது அதற்குப் பின்னரா என்று கேட்டதற்கு, யோசித்துவிட்டு, இருக்கலாம் என்றார். காரை ஏற்றுக்கொண்ட முதல் ஐந்து நிமிடங்களில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

முதல் முடிவும் அதன் தவறும்

மிரரின் அடிப்பாகத்துக்கு நீர் புகாத பஞ்சு ரப்பரில் புதிய அட்டை வெட்டி வைத்து மாட்டினோம். சோப்பு நீர் சோதனையில் குமிழ் வரவில்லை. ஓட்டிப் பார்த்தபோது சீறல் ஓரளவு தணிந்தது போல எங்கள் இருவருக்கும் தோன்றியது. அளந்தும் பார்த்தோம். தந்தையின் இருக்கையில் காது இருக்கும் உயரத்தில் கைப்பேசியைக் கட்டிவைத்து, ஒலிப்பதிவில் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான பட்டையின் அளவை எடுத்தோம். பழுதுக்கு முன் 58 டெசிபெல், பின் 56.5. கைப்பேசி காட்டும் எண்ணைத் தனியே எடுத்துக்கொண்டு நம்ப முடியாது என்றாலும், ஒரே கருவியை ஒரே இடத்தில் வைத்து எடுத்த இரண்டு அளவுகளின் வேறுபாட்டை ஒப்பிடலாம். குறைந்திருக்கிறது என்று மகிழ்ந்து காரை ஒப்படைத்தோம்.

ஒரு வாரத்தில் கார் திரும்ப வந்தது. தந்தைக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை.

எங்கள் அளவீட்டை அப்போதுதான் உரிய கடுமையோடு பார்த்தோம். ஒரு பொருளின் மேல் காற்று மோதிச் சுழன்று எழுப்பும் ஒலியின் ஆற்றல், வேகத்தின் ஏறத்தாழ ஆறாம் அடுக்குக்கு ஏற்ப வளர்கிறது. மணிக்கு 80இலிருந்து 100க்குப் போனாலே ஏறக்குறைய 6 டெசிபெல் கூடிவிடும். 100 என்று நினைத்து 105இல் ஓட்டினால் ஒன்றேகால் டெசிபெல் கூடும். மணிக்கு 10 கிலோமீட்டர் எதிர்க்காற்று இருந்தால் ஏறக்குறைய இரண்டரை டெசிபெல் கூடும். நாங்கள் சாதித்ததாக எண்ணிய ஒன்றரை டெசிபெல், ஓட்டுநரின் கால் சற்று அசைந்ததாலோ காற்று திசை மாறியதாலோ வந்திருக்கக்கூடும். இரு நாளும் ஒரு திசையில் ஒரேயொரு முறைதான் ஓட்டியிருந்தோம். அந்த எண்ணை வைத்து எதையும் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை.

இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது. கசிவு ஒன்றுதான் என்று எடுத்துக்கொண்டுவிட்டோம். ஒரே அளவு ஒலி எழுப்பும் இரண்டு கசிவுகள் இருந்து, அவற்றுள் ஒன்றை முற்றிலும் அடைத்தாலும் மொத்த ஒலி 3 டெசிபெல்தான் குறையும். அது பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் தெரியும் வேறுபாடே தவிர, ஒரு வாரம் கழித்துக் காரில் ஏறுபவருக்குத் தெரியும் வேறுபாடு ஆகாது. ஒலி பாதியாகக் குறைந்தது என்று ஒருவர் உணர ஏறத்தாழ 10 டெசிபெல் குறைய வேண்டும். ஆகவே ஓரிடத்தை அடைப்பது, ஓட்டிப் பார்ப்பது, மாற்றமில்லை என்றால் அந்த இடம் காரணமில்லை என்று விலக்குவது என்ற வழக்கமான முறை, கசிவு இரண்டாக இருக்கும்போது உண்மையான கசிவையும் குற்றமற்றதாகக் காட்டிவிடும். முதலில் பெரிய கசிவைத் தொட்டிருந்தாலும் இதேபோல் ஒரு குழப்பம் நேர்ந்திருக்கும்.

முறையை மாற்றுதல்: முழு அமைதியிலிருந்து தொடங்குதல்

இரண்டாம் முறை எதிர்த்திசையில் வேலை செய்தோம். சந்தேகத்துக்குரிய இணைப்புகள் அனைத்தையும் மாஸ்கிங் டேப்பால் ஒரேயடியாக மூடிவிட்டு, காரை அதனால் முடிந்த அளவு அமைதியாக்கி, பின்பு ஒவ்வொரு டேப்பாக உரித்து எந்த இடத்தில் சீறல் திரும்பி வருகிறது என்று கேட்பது என்று முடிவு செய்தோம். அமைதியான பின்னணியில் ஒரு கசிவு திறந்தால் அது தப்பாமல் காதில் விழும். இரைச்சலான பின்னணியில் ஒரு கசிவு மூடினால் அது விழாமல் போகலாம். இரண்டும் ஒரே டேப்தான், ஒரே உழைப்புதான், ஆனால் காதுக்குக் கிடைக்கும் தகவல் வேறு.

முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள மோல்டிங் என்னும் விளிம்புப் பட்டை, பானெட்டின் பின்விளிம்பு, முன்கதவுகளின் சட்டத்துக்கும் உடலுக்கும் இடையிலான கோடு, கதவுக் கண்ணாடி சட்டத்துக்குள் ஓடும் ரப்பர், கண்ணாடியின் அடியில் கதவின் இடுப்புக் கோட்டில் உள்ள பட்டை, மிரரின் அடிப்பாகம், மிரர் கூட்டின் மடிப்பு, கூரையின் நீளவாட்டப் பள்ளம் ஆகியவற்றை மூடினோம். டேப் சாதாரணத் தாள் வகையாகவே இருந்தது. உள்ளிருந்து கதவைத் தள்ளினால் கிழியும் டேப்பாக இருப்பது அவசியம், ஏனெனில் உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள். ஓட்டுநரின் பார்வையையோ விளக்குகளையோ மறைக்கவில்லை. காரின் உள்ளிருந்து காற்று வெளியேறுவதற்கென்று பின்பம்பருக்குள் உள்ள திறப்புகளையும் மூடவில்லை.

அளவீட்டின் ஒழுங்கையும் திருத்திக்கொண்டோம். காற்று அடங்கிய அதிகாலையில், ஒரே சாலைத் துண்டில், வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை 100இல் நிறுத்தி, போகவும் வரவும் இரண்டிரண்டு முறை ஓட்டிச் சராசரி எடுத்தோம். ஒருவர் ஓட்டினார், மற்றவர் மட்டும் கருவியைப் பார்த்தார்.

முழுவதும் மூடிய நிலையில் அளவு 49 டெசிபெல்லாக இறங்கியது. கார் வேறொரு காராக மாறியது போலிருந்தது; மிரரின் உருவத்தால் எழும் மெல்லிய காற்றோசையும் டயரின் முணுமுணுப்பும்தான் மிஞ்சின. எனக்கு இந்த ஓட்டமே எல்லாவற்றிலும் பெரிய நிம்மதியைத் தந்தது. சீறல் கசிவிலிருந்தே வருகிறது, காரின் வடிவமைப்பிலிருந்து வரவில்லை, ஆகவே இதைச் சரிசெய்ய முடியும் என்று உரிமையாளரிடம் உறுதியாகச் சொல்ல முடிந்தது. டேப் எல்லாம் ஒட்டியும் ஒலி குறையாதிருந்தால், சரிசெய்ய இயலாது என்பதையும் அதே உறுதியோடு சொல்லியிருப்போம்.

பின் உரிக்கத் தொடங்கினோம். மிரரின் அடிப்பாகத்தை உரித்தபோது மாற்றமில்லை. முதல் முறை செய்த பழுதுவேலை நன்றாகவே இருந்தது. இடுப்புக் கோட்டுப் பட்டையிலும் கண்ணாடி ரப்பரிலும் பானெட் விளிம்பிலும் மாற்றமில்லை. முன்கண்ணாடி மோல்டிங்கை உரித்தபோது மிக மெல்லிய விசில் ஒன்று பக்கக்காற்றில் மட்டும் எழுந்தது, குறித்து வைத்துக்கொண்டோம். தந்தையின் பக்கத்து முன்கதவுச் சட்டத்தின் மேல்விளிம்பிலிருந்தும் பின்மூலையிலிருந்தும் டேப்பை உரித்தபோது, அந்த ஊதல் அதே இடத்தில் அதே குரலில் திரும்பி வந்தது. அளவு 56.

புதிய பீடிங் உள்ள, தாளைப் பிடிக்கும் கதவு ஏன் கசிகிறது?

நிறுத்திய காரில் பிடிக்கும் பீடிங் ஓடும் காரில் ஏன் பிடிக்கவில்லை என்பதே இந்த நிகழ்வின் மையம் என்பதால், இதைச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

காற்று வெளியிலிருந்து உள்ளே புகுவதாகவே பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். அதனால் ஓடும் காரில் கதவோரம் கையை வைத்துக் குளிர்ந்த காற்று படுகிறதா என்று பார்ப்பார்கள், ஒன்றும் படாது. முன்கண்ணாடியின் பக்கத்தூணை வளைந்து திரும்பும் காற்று வேகம் பிடிக்கிறது, வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறைகிறது. எனவே முன்கதவுக் கண்ணாடியின் வெளிப்புறத்தில் உள்ள அழுத்தம் காரின் உள்ளே இருப்பதைவிடக் குறைவு. உள்ளே இருக்கும் காற்று வெளியே உறிஞ்சப்படுகிறது. பீடிங்குக்கும் கதவுக்கும் நடுவே உள்ள மெல்லிய பிளவின் வழியே அது வேகமாக வெளியேறும்போது சீறுகிறது.

இதே உறிஞ்சல் காற்றை மட்டுமல்லாமல் கதவையும் இழுக்கிறது. மணிக்கு 100 கிலோமீட்டரில் காற்றோட்டத்தின் இயங்கு அழுத்தம் ஏறத்தாழ 460 பாஸ்கல். கண்ணாடியும் சட்டமும் சேர்ந்து அரைச் சதுர மீட்டர் என்று கொண்டு, அந்த அழுத்தமே அதன்மேல் வெளிநோக்கிச் செயல்பட்டால், விசை ஏறத்தாழ 230 நியூட்டன், அதாவது 23 கிலோ எடையை வெளிப்பக்கம் கட்டித் தொங்கவிட்டது போன்றது. கதவின் கீழ்ப்பகுதியைக் கீல்களும் பூட்டும் பிடித்திருக்கின்றன. மேலே உள்ள கண்ணாடிச் சட்டமோ இடுப்புக் கோட்டிலிருந்து தன்னந்தனியாக எழுந்து நிற்கும் மெல்லிய தகட்டு வளைவு. அது வெளியே சாயும். எந்தக் காரிலும் சாயும். அந்தச் சாய்வைத் தொடர்ந்து விரிந்து ஈடுகொடுக்கவே பீடிங்கை உள்ளே குழாய் போன்ற வெற்றிடத்தோடு செய்கிறார்கள். நிறுத்திய நிலையில் அது போதுமான அளவு நசுங்கியிருந்தால்தான், சட்டம் வெளியே சாயும்போது விரிந்து தொடர அதனிடம் மிச்சம் இருக்கும். எங்கள் கதவின் மேல் பின்மூலையில் பீடிங் தாளைப் பிடிக்கும் அளவுக்குத் தொட்டுக்கொண்டிருந்ததே தவிர நசுங்கியிருக்கவில்லை. மெலிந்து விழுந்த சாக்பீஸ் கோடு அதைத்தான் சொன்னது. மணிக்கு 80 வரை தொடுகை நீடித்தது, 90இல் விட்டுப்போனது; உரிமையாளர் முதல் நாளே சொன்ன எண்களும் இவைதான்.

ஊகத்தோடு நிற்காமல் இதை ஓட்டத்தில் உறுதிசெய்ய விரும்பினோம். கண்ணாடி மாட்டுவோர் பயன்படுத்தும் ரப்பர் உறிஞ்சுபிடி ஒன்றைத் தந்தையின் பக்கத்துக் கதவுக் கண்ணாடியின் உட்புறத்தில் மேற்பகுதியில் ஒட்டினோம். மணிக்கு 100இல் செல்லும்போது அந்த இருக்கையில் இருந்த பணியாளர் அதை உள்நோக்கி மெதுவாக இழுத்தார். சீறல் நின்றது. கையைத் தளர்த்தினார், திரும்ப வந்தது. இதைப் பத்து முறையாவது செய்திருப்போம்.

அடுத்து, இரு முன்கதவுகளின் சட்டங்களும் உடலின் பரப்பிலிருந்து எவ்வளவு வெளியே நிற்கின்றன என்று ஒரே இடங்களில் அளந்து ஒப்பிட்டோம். இடுப்புக் கோட்டிலும் அதற்குக் கீழும் இரண்டும் சமம். மேல் பின்மூலையில் பழுதான கதவு மற்றதைவிட 2.5 மில்லிமீட்டர் வெளியே நின்றது. தூணில் உரசியபோது வளைந்ததா, டிங்கரிங் செய்யும்போது சட்டத்தைப் பிடித்து நெம்பியதால் வளைந்ததா என்று இப்போது சொல்ல முடியாது. கதவைத் திரும்பப் பொருத்தியவர் கைப்பிடி மட்டத்தில் கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார், அது நேராகவே இருந்தது.

எடுத்த முடிவும் அதன் காரணங்களும்

நான்கு வழிகள் இருந்தன. பூட்டு மாட்டும் ஸ்ட்ரைக்கரை உள்ளே நகர்த்தினால் முழுக் கதவும் உள்ளே வரும். ஆனால் கீழ்ப்பகுதி ஏற்கெனவே சரியாக இருப்பதால், அது தேவையின்றி அழுந்திக் கதவை அறைந்து மூட வேண்டிய நிலை வரும், முதியவர் ஒருவர் வாரந்தோறும் கையாளும் கதவுக்கு அது பொருந்தாது. அதோடு முன்கதவின் பின்விளிம்பு பின்கதவின் முன்விளிம்பைவிட உள்ளே போய்விட்டால், பின்கதவின் விளிம்பில் காற்று மோதிப் புதிய ஓசை பிறக்கும். கீல்களைச் சரிசெய்வது கதவு முழுவதன் சாய்வையும் மாற்றும்; இங்கே சாய்ந்திருப்பது கதவு அல்ல, அதன் மேல்சட்டம் மட்டுமே. பீடிங்கின் குழாய்க்குள் ரப்பர் கயிற்றைச் செலுத்தி அதைத் தடிப்பாக்குவது பலர் செய்யும் வழி. சில கார்களில் அது போதுமானதுதான். ஆனால் விலகி நிற்கும் சட்டத்தை அப்படியே விட்டுவிட்டு ரப்பரைத் துரத்த வைக்கும் ஏற்பாடு என்பதாலும், ரப்பர் காலப்போக்கில் நசுங்கிய நிலையிலேயே நிலைத்துவிடும் என்பதாலும் அதை நிரந்தரத் தீர்வாக ஏற்கவில்லை.

நான்காவது வழி, சட்டத்தை உள்நோக்கி வளைப்பது. முரட்டுத்தனமாகத் தோன்றினாலும் உடற்பகுதி வேலை செய்பவர்கள் நெடுங்காலமாகச் செய்துவரும் வேலை அது. இதில் உள்ள ஆபத்து, மிகையாக வளைத்துவிட்டால் மீட்பது கடினம், புதிய பெயின்ட்டில் விரிசலும் விழலாம் என்பதே. ஆகையால் திருப்பிப் பெற முடியாத வேலைக்கு முன் திருப்பிப் பெறக்கூடிய ஒரு சோதனையைச் செய்தோம். பீடிங்கின் அடியில், மேல் பின்மூலைப் பகுதியில் மட்டும், இரண்டரை மில்லிமீட்டர் தடிமனுள்ள பஞ்சுப் பட்டையைத் தற்காலிகமாக வைத்து ஓட்டினோம். சட்டம் உள்ளே வந்தால் என்ன நடக்குமோ அதையே இது ரப்பரை வெளியே தள்ளிக் காட்டும். சீறல் போய்விட்டது. அதன்பின் உரிமையாளரிடம் முறையையும் ஆபத்தையும் விளக்கி, அவருடைய இசைவைப் பெற்றுக்கொண்டு வளைத்தோம்.

கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டு, துணி சுற்றிய மரக்கட்டையை இடுப்புக் கோட்டு உயரத்தில் கதவுக்கும் உடலுக்கும் நடுவே வைத்து, அதை ஊன்றுகோலாகக் கொண்டு சட்டத்தின் மேல்மூலையை இரு உள்ளங்கைகளாலும் உள்நோக்கி அழுத்தினோம். தகடு மீண்டெழும் இயல்புடையது என்பதால் தேவைக்கு மேல் அழுத்தினால்தான் தேவையான அளவு நிற்கும். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு அளந்தோம். ஆறாவது முறை இரு கதவுகளும் அரை மில்லிமீட்டர் வேறுபாட்டுக்குள் வந்தன, அங்கே நிறுத்திக்கொண்டோம். பெயின்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. பீடிங்கில் சிலிகான் கிரீஸை மெல்லப் பூசினோம். பெட்ரோலியத்திலிருந்து செய்த கிரீஸ் இவ்வகை ரப்பரை உப்பச் செய்து கெடுக்கும் என்பதால் அதைத் தொடவில்லை. பீடிங்கின் பக்கத்தில் உள்ள சிறு துளைகள் நசுங்கும்போது உள்ளிருக்கும் காற்று வெளியேறுவதற்கானவை; அவை அடைபடாமல் பார்த்துக்கொண்டோம்.

பின்னர் நடந்தவை

அதே சாலையில், அதே ஒழுங்கில் அளந்தபோது 50.5 டெசிபெல் வந்தது. ஆனால் உரிமையாளர் ஓட்டிவிட்டு வந்து, பழைய சீறல் போய்விட்டது, ஆனால் இப்போது புதிதாக ஒரு விசில் கேட்கிறது, வளைத்ததில் ஏதேனும் கெட்டுவிட்டதா என்று கவலையோடு கேட்டார். அது புதியதன்று. டேப்பை உரித்தபோது நாங்கள் குறித்து வைத்த, முன்கண்ணாடி மோல்டிங்கின் விசில்தான். இதுவரை பெரிய ஒலியின் கீழே மறைந்து கிடந்தது, இப்போது தனியே கேட்கிறது. மோல்டிங்கின் மேல்முனை அதன் பள்ளத்திலிருந்து ஒரு விரல் நீளத்துக்கு எழும்பி இருந்தது. துடைத்து, பசையிட்டு, ஒரு நாள் அழுத்திவைத்தோம். முடிவில் அளவு 50.

முதல் முறை எடுத்த எண்கள் உறுதியானவை அல்ல என்றாலும், அவற்றைத் திரும்பக் கணக்கிட்டபோது ஒன்று புலப்பட்டது. டெசிபெல்களை ஒலியாற்றலாக மாற்றிக் கழித்துப் பார்த்தால், முதலில் அடைத்த மிரர்க் கசிவு சிறியதன்று. கதவுச் சட்டத்தை முதலில் சரிசெய்துவிட்டு மிரரை விட்டிருந்தால் அளவு 54ஐச் சுற்றி நின்றிருக்கும். சட்டத்தை விட்டு மிரரை மட்டும் அடைத்தபோது 56.5இல் நின்றது. எந்த ஒன்றைத் தனியாகச் செய்திருந்தாலும் தந்தைக்கு ஊதல் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கும். முதல் நாளில் நாங்கள் கண்டுபிடித்தது சரி. அதோடு முடிந்துவிட்டது என்று எண்ணியதே தவறு.

ஆறு மாதங்களுக்குப் பின் வழக்கமான பராமரிப்புக்கு வந்தபோது சட்டத்தை மீண்டும் அளந்தோம். நகரவில்லை. மழையில் ஒழுகவில்லை, கதவு விரல் அழுத்தத்தில் மூடுகிறது. தந்தையும் உடன் வந்திருந்தார். செவிக்கருவி காதில் இருந்தது. பயணம் முழுவதும் கழற்றுவதில்லை என்றார். பலத்த பக்கக்காற்றில் மிரரைச் சுற்றி எழும் மெல்லிய இரைச்சல் இன்னும் இருக்கிறது. அது மிரரின் உருவத்தால் வருவது, எங்களால் நீக்க முடியாதது என்று காரை ஒப்படைத்த அன்றே சொல்லியிருந்தோம்.

இனி மாற்றிக்கொள்பவை

காரை ஏற்றுக்கொள்ளும்போதே, எந்தக் கதவு, மிரர், கண்ணாடி, மோல்டிங் எப்போது கழற்றப்பட்டது என்று கேட்டு எழுதிக்கொள்கிறோம். உரிமையாளர்கள் ஓசையையும் பழைய உரசலையும் தாமாக இணைத்துப் பார்ப்பதில்லை. நாம்தான் கேட்க வேண்டும். ஒலி யாரைத் துன்புறுத்துகிறதோ அவருடைய இருக்கையில் எங்களில் ஒருவர் அமர்ந்தே முதல் ஓட்டம் நடக்கிறது.

தாள் சோதனையை விடவில்லை, ஆனால் அதில் தேறிய கதவை இனிக் குற்றமற்றது என்று எழுதுவதில்லை. தாள் வருகிறதா என்பதோடு, எவ்வளவு இறுக்கமாக வருகிறது என்பதை மறுபக்கக் கதவின் அதே இடத்தோடு ஒப்பிடுகிறோம். இரு சட்டங்களின் அளவையும் முதல் நாளே எடுக்கிறோம். இளைய பணியாளரின் மெலிந்த சாக்பீஸ் கோட்டை அன்று மதித்திருந்தால் ஒரு வாரமும், உரிமையாளர் எங்கள்மேல் வைத்த நம்பிக்கையில் ஒரு பங்கும் மிஞ்சியிருக்கும். இப்போது சாக்பீஸ் தடத்தைப் படம் எடுத்து வேலைத்தாளோடு வைக்கிறோம், முடிவு செய்வதற்கு முன் இருவர் அதைப் பார்க்கிறார்கள்.

டேப் வேலை முழு மூடலிலிருந்தே தொடங்குகிறது. இந்த முறை நண்பகல் வெயிலில் இரண்டு மணி நேரம் டேப்பை விட்டுவிட்டதால், கூரைப் பள்ளத்தில் பசை ஒட்டிக்கொண்டு, அதை நீக்க அரை நாள் பிடித்தது. இனி வெயில் ஏறுவதற்கு முன் ஒட்டி, ஓட்டி, உரித்துவிடுகிறோம்.